ஓடில்லா நத்தையும் திருடிய கொடுக்கும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கடற்கரைக்குச் சென்ற சிறுமியர் வெறுங்கையோடு வீடு திரும்பியதுண்டா? சங்கோ, சிப்பியோ, சோழியோ, குறைந்தது ஒரு வழவழப்பான கூழாங்கல்லோ கைக்குட்டையில் முடிந்திருக்கும். நாங்களும் அப்படித்தான். ஆனால் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் நாங்கள் பொறுக்கியது சங்குமன்று, சிப்பியுமன்று. அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் இந்தக் கட்டுரைக்கு வித்து.

அப்போது நாங்கள் எட்டாம் வகுப்பு. மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கிவிட்டு, டிசம்பர் 5-ஆம் நாள் ஆந்திர மாநிலத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்திருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து, ஈரத் துணிகளெல்லாம் ஒருவாறு உலர்ந்த பிறகு, எங்களுள் ஒருத்தியின் அத்தை எங்கள் நால்வரையும் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மணலில் இறங்கினோம். கரையெங்கும் குப்பை. ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்புகள், பிளாஸ்டிக் புட்டிகள், அறுந்த வலைத்துண்டுகள். அவற்றினிடையே, ஈர மணலில், பளிச்சென்று ஒரு நீலத் துணுக்கு கிடந்தது.

நீளம் ஓர் அங்குலம்கூட இராது. பட்டுப் பாவாடைக் கரையில் காணும் மயில்கழுத்து நீலம். நீண்ட உடல், இரு பக்கமும் கைகள் போல மும்மூன்று கிளைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் விசிறி போல விரிந்த எண்ணற்ற விரல்கள். பொம்மைக் கடையில் விற்கும் பறக்கும் பாம்பு ஒன்று தவறிக் கடலில் விழுந்துவிட்டதோ என்று நினைத்தோம். அத்தை கைப்பேசியில் படம் பார்த்து, "இதற்கு நீல டிராகன் என்று பெயராம், ஒரு வகைக் கடல் நத்தையாம்" என்றார். அவ்வளவுதான், எங்களுள் ஒருத்தி அதை உள்ளங்கையில் ஏந்திவிட்டாள்.

"இன்னா பாப்பா கையில? கீழ போடு! சொறி அது, கை வெந்து பூடும்!"

திரும்பிப் பார்த்தோம். குப்பத்திலிருந்து வந்த ஓர் ஆயா. தலையில் மீன் கூடை. 'சொறி' என்பது ஜெல்லி மீனுக்கு மீனவர்கள் வழங்கும் பெயர் என்பது எங்களுக்குத் தெரியும். பட்டால் உடம்பெல்லாம் சொறிய வைப்பதால் அந்தப் பெயர் போலும்.

"இது சொறி இல்ல ஆயா. இது நத்தைச் சாதி" என்றோம், படித்த பெருமையோடு.

"நத்தையாம் நத்தை! ஓடு எங்க கீது?" என்று கேட்டுக்கொண்டே ஆயா ஒரு குச்சியால் அதைத் தட்டிவிட்டு, காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டார். நாங்கள் மனத்துக்குள் சிரித்துக்கொண்டோம். நத்தைக்கும் சொறிக்கும் வேறுபாடு தெரியாத ஆயா!

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத அறிவியல் சகோதரியிடம் பொருள் கேட்டபோது இந்த நிகழ்ச்சியைச் சொன்னோம். சகோதரி சிரிக்கவில்லை. "அந்த அம்மா இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார்கள். ஓடு எங்கே என்று கேட்டார்கள். கை வெந்துவிடும் என்றார்கள். இரண்டுக்கும் விடை கண்டுபிடித்து எழுதுங்கள்" என்றார். தேடிப் படித்தோம். நாங்கள் அறிந்தவற்றை இனிக் காண்போம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுவது நல்லது. தமிழில் கடலட்டை என்றால் அது வேறு. இராமநாதபுரம் பக்கத்துக் கடலின் அடியில் வெள்ளரிக்காய் போலக் கிடக்கும் அந்தப் பிராணி நட்சத்திர மீனுக்கு உறவு. 2001-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அதைப் பிடிப்பதற்குத் தடை. நாங்கள் கண்டதோ மெல்லுடலிகள் தொகுதியைச் சேர்ந்தது. தோட்டத்து நத்தை, சங்கு, சோழி ஆகியவற்றுக்கெல்லாம் ஒன்றுவிட்ட தங்கை. எனவே இதனை ஓடில்லாக் கடல் நத்தை என்றே இங்கு அழைப்போம். இந்தக் கூட்டத்திற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் நியூடிபிராங்க். 'மூடாத செவுள்களை உடையது' என்பது அதன் பொருள். உலகக் கடல்களில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. அவற்றில் நம்முடைய நீல டிராகனின் முழுப் பெயர் கிளாக்கஸ் அட்லான்டிகஸ்.

இந்தப் பெயரை 1777-இல் சூட்டியவர் யோகான் ரைன்ஹோல்ட் ஃபார்ஸ்டர். 1772 முதல் 1775 வரை காப்டன் குக் மேற்கொண்ட இரண்டாம் உலகப் பயணத்தில், தம் மகன் கேயார்க்கையும் உடன் அழைத்துக்கொண்டு இயற்கை ஆய்வாளராகச் சென்றவர் அவர். கிளாக்கஸ் என்பவன் கிரேக்கர் கதையில் வரும் ஒரு மீனவன். பிடித்த மீன்கள் ஏதோ ஒரு புல்லின் மேல் பட்டதும் உயிர் பெற்றுக் கடலுக்குள் துள்ளி ஓடுவதைக் கண்டு, தானும் அந்தப் புல்லைத் தின்று பார்த்தான். கடல் தேவனாக மாறிவிட்டான். தின்றதனால் உருமாறியவனின் பெயரை இதற்கு வைத்தாரே, ஃபார்ஸ்டருக்கு ஏதேனும் முன்னறிவு இருந்ததோ என்று நாங்கள் வியந்தோம். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

ஆயாவின் முதல் கேள்வி: ஓடு எங்கே?

ஓடு இருந்தது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உயிருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிறு ஓடு உண்டு. நத்தைக் குலத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி போல அதைச் சுமந்து சில காலம் நீந்துகிறது. வளர்ந்து உருமாறும்போது கழற்றி எறிந்துவிடுகிறது. தோட்டத்து நத்தை என்ன செய்யும்? ஆபத்து என்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுதான் அதன் வீடு, கோட்டை, கவசம் எல்லாம். அந்தக் கவசத்தையே உதறிவிட்ட ஒரு மெத்தென்ற பிராணி, அதுவும் ஒளிந்துகொள்ளக் கல்லோ பாசியோ இல்லாத நடுக்கடலில், எப்படிப் பிழைக்கிறது?

மற்ற ஓடில்லா நத்தைகள் பெரும்பாலும் கடலின் அடியில் பாறைகளிலும் பவளத் திட்டுகளிலும் ஊர்கின்றன. நீல டிராகன் அப்படியன்று. வெப்பமும் மிதவெப்பமுமான பெருங்கடல்களின் மேற்பரப்பில் அது மிதந்தபடியே காலம் கழிக்கிறது. காற்றைச் சிறிது விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்கிறது. அந்தக் குமிழியே அதற்குத் தெப்பம். தெப்பம் வயிற்றுப் பக்கம் இருப்பதால் அது மல்லாந்து மிதக்கிறது. நாம் மேலிருந்து காணும் அழகிய நீலம் அதன் வயிறும் பாதமும். முதுகு கீழ்நோக்கி இருக்கிறது, வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில். இதில் நுட்பம் இருக்கிறது. மேலே பறக்கும் பறவை குனிந்து பார்த்தால் நீலக் கடலில் நீல வயிறு தெரிவதில்லை. கீழே நீந்தும் மீன் நிமிர்ந்து பார்த்தால், வெளிச்சத்தில் மினுங்கும் நீர்ப்பரப்பில் வெள்ளி முதுகு தெரிவதில்லை. பெரும்பாலான மீன்களுக்கு முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருப்பது இதே காரணத்தால்தான். மல்லாந்து கிடப்பதால் இது அந்த வண்ணத்தையும் தலைகீழாக மாற்றிப் பூசிக்கொண்டிருக்கிறது.

நீலம் இதற்கு மட்டும் உரியதன்று. கடலின் மேற்பரப்பில் காற்றோடு அலையும் ஒரு கூட்டமே நீலமாக இருக்கிறது. வட்டத் தட்டைச் சுற்றி நீலக் குஞ்சம் கட்டியது போன்ற நீலப் பொத்தான். சிறு பாய்மரம் விரித்துச் செல்லும் வெலெல்லா. சளியால் குமிழிகள் செய்து கோத்து அந்தத் தெப்பத்தில் தொங்கிச் செல்லும் ஊதா நத்தை (இது ஓட்டை விடாத உறவினர்). இவர்களுக்கெல்லாம் தலைவன் போல பிசாலியா. பிசாலியாவைத்தான் போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் என்றும், நீலப் புட்டி என்றும் சொல்கிறார்கள். நீல டிராகன் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தே மிதக்கிறது. கூட்டாளி என்று எண்ண வேண்டாம். அது இவர்களைத் தின்கிறது.

அதிலும் அது மிகவும் விரும்புவது பிசாலியாவை. இங்கே சற்று நின்று பிசாலியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்வைக்கு ஒரு சொறி போல இருந்தாலும் அது ஒரே பிராணியன்று. பல சிற்றுயிர்கள் ஒட்டிப் பிறந்து வேலையைப் பகிர்ந்துகொண்ட ஒரு கூட்டுக் குடும்பம். ஒருவர் மிதவைப் பை, சிலர் உணவு செரிப்போர், சிலர் இனப்பெருக்கத்திற்கு, சிலர் வேட்டைக்கு. வேட்டையாடுவோரின் இழைகள் 10 மீட்டர் வரை சாதாரணமாகத் தொங்கும். பெரியவற்றில் 30 மீட்டர் வரையிலும் நீளும். இழை முழுவதும் கொட்டும் செல்கள்.

பாடப்புத்தகத்தில் குழியுடலிகள் பாடத்தில் கொட்டும் செல்லின் படத்தை நாம் எல்லோரும் வரைந்திருக்கிறோம். முட்டை வடிவப் பொதி, உள்ளே சுருண்ட நூல், மேலே ஒரு மூடி. படத்திற்கு 2 மதிப்பெண் என்பதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றி எண்ணிப் பார்த்ததில்லை. உண்மையில் அந்தப் பொதி ஓர் அமுக்கப்பட்ட துப்பாக்கி. உள்ளே இருக்கும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு. (கார் சக்கரத்தில் அடைக்கும் காற்று இரண்டு மூன்று மடங்கே.) ஏதேனும் உரசியதும் மூடி திறந்து, சுருண்ட நூல் ஈட்டியாகப் பாய்ந்து நஞ்சைச் செலுத்துகிறது. குளத்து நீரில் வாழும் ஹைட்ராவில் இதை 2006-இல் அதிவேகப் படப்பெட்டி கொண்டு அளந்தார்கள். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரங்கூட ஆகவில்லையாம். கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் சொல்வதெல்லாம் இதற்கு முன் ஒரு யுகம்.

இப்படிப்பட்ட இழையைத்தான் ஓர் அங்குல நத்தை சாவகாசமாகப் பற்றிக்கொண்டு, அரம் போன்ற பற்களால் கடித்து விழுங்குகிறது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய பிசாலியாவைத் துண்டு துண்டாகத் தின்கிறது. உண்டபின் நிகழ்வதுதான் விந்தை.

தின்ற சதை செரித்துவிடுகிறது. கொட்டும் பொதிகளில் பல செரிப்பதில்லை. வயிற்றிலிருந்து குடல் கிளைகள் அந்த விசிறி விரல்களுக்குள் ஒவ்வொன்றாகச் செல்கின்றன. அந்த வழியே பொதிகள் பயணம் செய்து விரல் நுனியை அடைகின்றன. அங்கே ஒரு சிறு பை இருக்கிறது. பையின் செல்கள் பொதிகளை அணைத்து விழுங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்கின்றன. ஏதேனும் மீன் வந்து கடித்தால், விரலின் தசைகள் பையை அழுத்துகின்றன. பொதிகள் வெளியே பீச்சப்பட்டு, கடித்தவன் வாயில் வெடிக்கின்றன. பிசாலியா தனக்காகச் செய்த ஆயுதம், அதைத் தின்றவனுக்குக் காவல் நிற்கிறது!

இதைச் சகோதரியிடம் சொன்னபோது எங்களுள் ஒருத்தி, "ஏழாம் கட்டளை நத்தைகளுக்குக் கிடையாதா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டாள். அன்று வகுப்பில் பாடம் நடக்கவில்லை.

இந்தத் திருட்டு எளிதில் வெளிப்பட்டுவிடவில்லை. ஓடில்லா நத்தைகளின் விரல் நுனியில் கொட்டும் பொதிகள் இருப்பதைப் பார்த்த 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர், அவற்றை நத்தையே உண்டாக்குகிறது என்று நம்பினார்கள். பார்ப்பதற்கு அப்படித்தானே தோன்றும்? எடின்பரோவில் மருத்துவராக இருந்த ஸ்ட்ரெத்தில் ரைட் என்பவர்தான் அவை இரையிலிருந்து வந்தவை என்று எடுத்துச் சொன்னார். 1903-இல் குரோஸ்வெனர் என்பவர் சான்றுகளைத் திரட்டி வழக்கை முடித்தார். பொதிகள் இரைக்கு இரை வடிவம் வேறுபடும். நத்தையின் விரலில் இருக்கும் பொதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அது எதைத் தின்றதோ அதன் பொதியே இருக்கிறது. திருடன் வீட்டில் கண்டெடுத்த பாத்திரத்தில் உரியவர் பெயர் வெட்டியிருப்பது போலத்தான்.

நம் நீல டிராகனைப் பற்றிய முக்கியமான செய்தி 1969-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே கடலில் குளித்தவர்களை இந்தச் சிறு நத்தைகள் கொட்டின. டி. இ. தாம்சன், இசொபெல் பென்னெட் என்னும் இருவர் ஆராய்ந்து, நத்தையின் விரல்களில் இருந்தவை பிசாலியாவின் பொதிகளே என்று காட்டினார்கள். அதுமட்டுமன்று. பிசாலியாவிடம் சிறியனவும் பெரியனவுமாகப் பொதிகள் உண்டு. நத்தை சேமித்தவை பெரும்பாலும் பெரியவை. கண்ட பொருளையெல்லாம் அள்ளுகிற திருடன் அல்லன் இவன். நகைப்பெட்டியை மட்டும் தேடுபவன். பிசாலியாவின் நீண்ட இழையில் பரவலாக இருந்தவை, இங்கே ஒரு விரல் நுனியில் நெருக்கமாக அடைபட்டிருக்கின்றன. ஆகையால் அதன் கொடுக்கு சிறிது என்று அலட்சியம் செய்ய முடியாது.

இசொபெல் பென்னெட் அம்மையாரைப் பற்றி நாங்கள் தனியாகவும் படித்தோம். 1909-இல் பிறந்தவர். குடும்பத்தில் பணமில்லாததால் 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர். பின்னர் சிட்னி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் டேக்கினுக்கு உதவியாளராகச் சேர்ந்து, கரையோர உயிர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றார். டேக்கின் இறந்தபின் அவர் முடிக்காமல் விட்ட கடற்கரை நூல் 1952-இல் வெளிவர உழைத்தவர்களில் அம்மையாரும் ஒருவர். 1959-இல் தென்முனைப் பக்கமுள்ள மக்குவாரித் தீவுக்கு ஆய்வுக் குழுவோடு சென்ற முதல் நான்கு பெண்களுள் அவரும் இருந்தார். 98 ஆண்டுகள் வாழ்ந்து 2008-இல் மறைந்தார். 2014-இல் நீல டிராகனின் நெருங்கிய உறவினர்களைப் புதிதாக வகைப்படுத்தியபோது ஓர் இனத்திற்கு கிளாக்கஸ் பென்னெட்டே என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். நாங்களும் இப்போது ஏறத்தாழ அதே வயதில் இருப்பதால், பதினாறு வயதில் பள்ளியை விட்டவர் என்ற வரியை இரண்டு முறை படித்தோம்.

இனி, யாருக்கும் எழும் ஐயம். வெடிக்கும் பொதிகளைக் கடித்து விழுங்கும் நத்தையின் வாய் ஏன் வெந்துபோவதில்லை? இதற்கு ஒற்றை விடை இல்லை; பல சிறு விடைகள் சேர்ந்து உதவுகின்றன. நத்தை சுரக்கும் சளி பொதிகள் வெடிப்பதைக் குறைக்கிறது என்று இதன் இனத்தைச் சேர்ந்த வேறு நத்தைகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். வாயும் தொண்டையும் கடினமான உறை பூண்டிருக்கின்றன. மூன்றாவது காரணம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. இரையின் உடலில் முதிர்ந்த பொதிகளோடு இன்னும் முதிராத பொதிகளும் இருக்கும். முதிர்ந்தவை வெடித்துத் தீர்ந்துவிட, முதிராதவையே முழுதாக உள்ளே போய்ச் சேர்கின்றன. நத்தையின் பைச் செல்களுக்குள் அவை அமிலத் தன்மை பெற்று முதிர்கின்றன. வேறொரு கடல் நத்தையில் 2012-இல் இதைக் கண்டறிந்தார்கள். அப்படியானால் இது திருட்டு மட்டுமன்று. காயாகப் பறித்து வந்து வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கிற வேலையும் சேர்ந்திருக்கிறது.

பிறர் ஆயுதத்தைக் கைக்கொள்ளுவதில் நத்தை தனியாகவும் இல்லை. பிசாலியாவின் இழைத்துண்டுகளைப் பிய்த்து, உறிஞ்சிகளில் பிடித்துக்கொண்டு திரியும் ஓர் எண்காலி இருப்பதை 1963-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது கையில் கம்பு வைத்திருப்பது போல. நத்தையோ கம்பைத் தன் உடம்பிலேயே நட்டு வளர்க்கிறது. கிளாக்கஸ் மீனவன் தின்று தேவனான கதையை முன்னே சொன்னோம் அல்லவா? இதுவும் தின்றதனால் வேறாகிவிட்ட பிராணிதான்.

மற்ற வாழ்க்கைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் இருக்கிறது. இணைந்தபின் இரண்டுமே முட்டைச் சரங்களை இடுகின்றன. தின்று மிஞ்சிய வெலெல்லாவின் மிதவைத் தட்டின் மேலேகூட முட்டைச் சரத்தை ஒட்டி வைக்கும்; உணவு மேசையையே தொட்டிலாக்கும் சிக்கனம்! பல நத்தைகளை ஒரே பாத்திரத்தில் விட்டால் ஒன்றையொன்று தின்பதும் உண்டு. அழகு பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொன்னோம்.

நடுக்கடலில் வாழும் பிராணி பெசன்ட் நகருக்கு ஏன் வந்தது? அதற்கு விரும்பிய திசையில் கடலைக் கடக்கும் வலிமை இல்லை. காற்றும் நீரோட்டமும் தள்ளிய பக்கம் போகிறது. அதன் இரைகளும் அப்படியே. நம் கரையில் வாடைக்காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் மாதங்களில், அதிலும் புயல் வந்து போனால், நீலக் கூட்டம் முழுவதும் கரையில் ஒதுங்கக்கூடும். மற்ற நாடுகளிலும் இப்படி நேர்கிறது. 2020 மே மாதத்தில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பாட்ரே தீவுக் கரையில் இவை ஒதுங்கின. 2025 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டில் குவார்தமார் என்னும் ஊரில் ஒன்றிரண்டு நீல டிராகன்கள் தென்பட்டதற்கே கடற்கரையில் குளிப்பதை நிறுத்திவைத்தார்கள். ஓர் அங்குலப் பிராணிக்கு ஒரு கடற்கரையே அடைபட்டது.

எங்கள் தோழியின் கைக்கு அன்று ஒன்றும் நேரவில்லை. உள்ளங்கைத் தோல் தடிப்பானது என்பதும், அவள் அதை அழுத்தாமல் ஏந்தியிருந்தாள் என்பதுமே காரணமாக இருக்கும் என நினைக்கிறோம். அதே கையால் கண்ணைத் தேய்த்திருந்தாலோ, பக்கத்தில் நின்ற நான்கு வயதுத் தம்பியின் கன்னத்தில் வைத்து விளையாட்டுக் காட்டியிருந்தாலோ (அவள் அதற்குத்தான் எடுத்தாள் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறாள்) கதை வேறாகியிருக்கும். கரையில் இறந்து கிடப்பதிலும் பொதிகள் வெடிக்கும் நிலையிலேயே இருக்கலாம். பொதி வெடிக்க அதன் சொந்தக்காரன் உயிரோடிருக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களும் தங்கையரும் அறிந்துகொள்ள ஒரு செய்தி. நீலப் புட்டியோ நீல டிராகனோ கொட்டிவிட்டால், முதலில் நீரைவிட்டுக் கரையேற வேண்டும். ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் குச்சியாலோ துணியாலோ அகற்றி, கடல்நீரால் அலச வேண்டும். குழாய் நீரில் கழுவுவதும் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் (எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான்) வெடிக்காத பொதிகளையும் வெடிக்க வைத்துவிடும். பிறகு பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில், 20 நிமிடம் வைத்தால் வலி தணியும். ஆஸ்திரேலியாவில் நீலப் புட்டிக் கடிக்கு இதையே செய்கிறார்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டுரையை எழுதி முடித்தபின் எங்களுக்கு ஒரு கடன் பாக்கி இருப்பதாகத் தோன்றியது. ஆயா அதைச் சொறி என்றார். நாங்கள் நத்தை என்றோம். நத்தை என்பது சரி. ஆனால் கையைச் சுடுவது எதுவோ அது சொறியின் வகையைச் சேர்ந்த பிசாலியாவினுடையது. அப்படிப் பார்த்தால், எங்கள் தோழி ஏந்தியிருந்த கையில் சொறியும் இருந்தது.

பொங்கல் விடுமுறையில் அதே கடற்கரைக்குப் போனோம். ஆயா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களை அவருக்கு நினைவில்லை. நீலமாய் ஒன்று, புயல் சமயம், கையில் எடுத்தோமே என்று அடையாளம் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஓடு சிறு வயதில் இருந்து பின்பு கழன்றுவிடுவதையும், சொறியைத் தின்று சொறியின் விஷத்தை விரலில் வைத்துக்கொள்வதையும் நால்வரும் மாறி மாறி விளக்கினோம். ஆயா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அதான் அன்னிக்கே சொன்னேனே, சொறின்னு. ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்து அதையே சொல்றீங்க" என்றார். பிறகு, "நெத்திலி நல்லா காஞ்சிருக்கு. அம்மா கேட்டாங்கன்னா எடுத்துக்கினு போங்க" என்றார்.

கால் கிலோ வாங்கினோம்.